பழைய புல்லட்டை ஷோரூமில் விடலாமா?

கேள்வி: அப்பா 1996-இல் வாங்கிய புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. வலது காலில் கியர், பாயிண்ட் செட், பழைய இரும்பு எஞ்சின். ஆறு மாதமாக ஓட்டவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "விட்டுட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்று இழுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உதிரிபாகச் சந்தையான மல்லிக் பஜாருக்குப் போகச் சொல்கிறார். எங்கே விடுவது? இந்த ஆண்டு ஆர்.சி.யும் புதுப்பிக்க வேண்டும்.
- வாசகர், பவானிபூர், கொல்கத்தா

பதில்: இரண்டு இடத்துக்கும் போங்கள். எந்த வேலையை எங்கே கொடுப்பது என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

2008-க்குப் பிறகு ராயல் என்ஃபீல்டு மாடல்கள் ஒவ்வொன்றாக யூசிஇ எஞ்சினுக்கு மாறின. அதில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே கூட்டுக்குள். எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். உங்கள் வண்டியில் எஞ்சின், செயின் கேஸ், கியர்பாக்ஸ் மூன்றும் தனித்தனி. சர்வீஸ் சென்டரில் இன்று இருக்கும் இளம் மெக்கானிக்குகள் பலர் புது எஞ்சினில்தான் தொழில் பழகியவர்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஆகவே ஜாப் கார்டு எழுதும் முன் மெக்கானிக்கையே கூப்பிட்டு, "இதில் எத்தனை இடத்தில் ஆயில் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று என்று தயங்காமல் சொன்னால் வண்டியை நம்பி விடலாம். தடுமாறினால் பிரேக் ஷூ, கேபிள், செயின் ஸ்ப்ராக்கெட், வீல் பேரிங் வேலைகளை மட்டும் கொடுங்கள். அவற்றை ஷோரூமில் பில்லோடு செய்வதுதான் நல்லது.

நின்ற வண்டியில் ஒரு ஆபத்து உண்டு. இந்த எஞ்சினில் ஆயில் டேங்கும் கிராங்க் கேஸும் வேறு வேறு. நாள்கணக்கில் நின்றால் டேங்கு ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவாகத் தெரியும். விவரம் தெரியாதவர் உடனே ஊற்றி நிரப்புவார். ஸ்டார்ட் செய்ததும் மிஞ்சிய ஆயில் பிரீதர் வழியாக வெளியே கொட்டும். சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்த பிறகே அளவு பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கோ ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். அப்போது ஃபெல்ட் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றிருந்தால் செயின் கேஸையும் திறந்து பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

பாயிண்ட், டாப்பெட், டைமிங் வேலைகளைப் பழைய கைகளிடம் கொடுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டாப்பெட்டை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் வைக்க வேண்டும்: புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. "சூடாகவே வைத்துவிடலாம்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மல்லிக் பஜாரில் சாமான் வாங்கப் போனால் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். பெட்டி மேல் அச்சிட்ட பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

இனி ஆர்.சி. முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுக்குத்தான் புதுப்பிப்பார்கள். 20 ஆண்டைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் 2,000 ரூபாய் ஆகிவிட்டது. உங்கள் பகுதியிலேயே பெல்தலாவில் மோட்டார் வாகன அலுவலகம் இருப்பது வசதி. சர்வீஸ் முடிந்து கார்புரேட்டர் சரிசெய்த பிறகே புகைப் பரிசோதனைக்குப் போங்கள். 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம், ஒழுங்காக டியூன் செய்த புல்லட் அதற்குள் அடங்கும். பிறகு புதுப்பிப்புக்கான படிவம் 25. காலாவதித் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.