பெயர் ஒன்று, இலை மூன்று

பிரியாணி, நெய்ச்சோறு, குருமா ஆகியவற்றைச் சமைக்கும்போது, எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காயுடன் ஒரு காய்ந்த இலையையும் போடுவார்கள். அதுவே பிரிஞ்சி இலை. உண்ணும்போது நாம் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறோம். அப்படி ஒதுக்கப்படும் இலைக்கு நெடிய வரலாறு உண்டு. மேலும், இப்பெயரில் வழங்கும் இலைகள் யாவும் ஒரே மரத்தைச் சேர்ந்தவை அல்ல.

வெற்றியின் சின்னம்

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் இயல்பாக வளரும் மரம் லாரல். பண்டைய கிரேக்கத்தில், டெல்ஃபி நகரில் நடைபெற்ற போட்டிகளில் வென்றவர்களுக்கு இதன் இலைகளால் செய்த முடியைச் சூட்டினர். ரோமானியத் தளபதிகளும் வெற்றி ஊர்வலங்களில் இதை அணிந்தனர். நம் முன்னோர் போரில் வென்றபோது வாகைப் பூவைச் சூடினர். அதனால்தான் இன்றும் வென்றவரை 'வாகை சூடினார்' என்கிறோம். அதைப் போலவே, நோபல் பரிசு பெற்றவரைக் குறிக்கும் 'லாரியட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் லாரல் மரத்தின் பெயரிலிருந்து பிறந்தது.

தோட்டத்தில் லாரல்

லாரல் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். நிலத்தில் நட்டால் 10 மீட்டருக்கு மேலும் உயரக்கூடும். ஆனால், அடிக்கடி கத்தரித்தாலும் தாங்கும். எனவே, வேலியாகவோ, தொட்டியில் உருண்டை, கூம்பு வடிவங்களிலோ வளர்க்கிறார்கள். இதற்கு நல்ல வெயில் வேண்டும். தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

சமையலறையில் மூன்று இலைகள்

லாரல் இலையின் நடுவே ஒரே ஒரு தடித்த நரம்பு ஓடும். ஐரோப்பியர் இதைச் சூப்பிலும் இறைச்சிக் குழம்பிலும் இட்டு நெடுநேரம் கொதிக்க வைப்பர்.

இந்தியச் சமையலில் பெரும்பாலும் பயன்படுவது இமயமலை அடிவாரத்தில் வளரும் வேறொரு மரத்தின் இலை. அதில் மூன்று நரம்புகள் அடியிலிருந்து நுனியை நோக்கி நீளமாகச் செல்லும். அம்மரம் இலவங்கப்பட்டைக்கு நெருங்கிய உறவு. ஆதலால், இலையிலும் பட்டையின் மணம் வீசும். இவ்விரு மரங்களும் லாரல் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மலாய், இந்தோனேசியச் சமையலில் 'சாலாம்' இலை இடம்பெறுகிறது. இதுவும் பிரிஞ்சி இலை போலவே குழம்பில் இடப்படுகிறது. ஆயினும், இது கொய்யாவும் கிராம்பும் அடங்கிய வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை இட்டால் உணவின் மணமும் சுவையும் மாறிவிடும்.

எச்சரிக்கை தேவை

சுவை மாறினால் பெரிய தீங்கில்லை. இலையே மாறிவிட்டால் உயிருக்கே ஆபத்து! ஐரோப்பாவில் வேலிக்காக வளர்க்கப்படும் 'செர்ரி லாரல்' பெயரளவில் மட்டுமே லாரல். அதன் இலையைக் கசக்கினால் சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படும். அப்போது பாதாம் போன்ற மணமும் வரும். ஆகவே, மணக்கும் இலையெல்லாம் உண்ணத் தக்கவை என்று எண்ணிவிடக் கூடாது. நம் வட்டாரத்தில் அழகுக்காக வளர்க்கப்படும் அரளியின் இலையும் பார்வைக்கு லாரல் இலையை ஒத்திருக்கும். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை கொண்டவை.

வெளுத்ததெல்லாம் பால் ஆகாது. நன்கு தெரியாத செடியின் இலையைப் பறித்துச் சமைப்பதும் மென்று பார்ப்பதும் கூடாது. சமையலுக்கு வேண்டிய இலையைக் கடையில் வாங்குவதே பாதுகாப்பானது. அடுத்த முறை உங்கள் தட்டில் பிரிஞ்சி இலையைக் கண்டால், உடனே ஒதுக்கிவிடாமல் அதன் நரம்புகளை எண்ணிப் பாருங்கள். அது எந்த மரத்தின் இலை என்பது உங்களுக்கே விளங்கும்.

சிந்தித்து விடையளிக்க

1. லாரல் இலையையும் இந்தியப் பிரிஞ்சி இலையையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
2. மணத்தை மட்டும் கொண்டு ஓர் இலை உண்ணத் தக்கது என முடிவு செய்வது ஏன் ஆபத்தானது?
3. 'வெளுத்ததெல்லாம் பால் ஆகாது' என்னும் பழமொழி இப்பகுதிக்கு எவ்வாறு பொருந்துகிறது?