அடுத்தவர் கட்டுரையைப் படிக்கத் தெரிந்தவர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் ரைட்டிங் சென்டர் என்று ஓர் இடம் உண்டு. கட்டுரை எழுதத் திணறும் மாணவர் முன்பதிவு செய்துகொண்டு அங்கே போனால், இன்னொரு மாணவர் அரைமணியோ முக்கால் மணியோ பக்கத்தில் உட்கார்ந்து அதை அவரோடு சேர்ந்து படிப்பார். இதற்குச் சம்பளமும் உண்டு. இந்த டியூட்டர் வேலைக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தயங்குவதையே நான் அதிகம் பார்க்கிறேன். ‘என் ஆங்கிலம் அந்த அளவுக்கு இல்லை’ என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். துணிந்து விண்ணப்பிப்பவர்களும் அதே நினைப்போடுதான் எழுதுகிறார்கள்: டோஃபல் மதிப்பெண், பள்ளியில் வாங்கிய ஆங்கிலப் பரிசு, இலக்கணத்தில் தமக்குள்ள பிடிப்பு என்று கடிதம் நிரம்பிவிடுகிறது. தயங்குபவர், துணிபவர் இருவருமே அங்கே யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, அவரே அதைத் திருத்தும்படி பேசத் தெரிகிறதா என்பதுதான் அங்கே பார்க்கப்படுகிறது. நல்ல ஆங்கிலம் அதற்கு வேண்டும்தான். ஆனால் அது வாசல் வரைதான் கொண்டுபோய் விடும்.

இந்த வேலையைப் பேராசிரியர்களிடம் விடாமல் மாணவர்களிடம் கொடுத்தது ஏன் என்று தெரிந்துகொண்டால் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பதும் தெளிவாகும். 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சேர்க்கை விதிகளைத் தளர்த்தி, நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் அனைவருக்கும் கதவைத் திறந்தது. கல்லூரிக் கட்டுரை என்றால் என்னவென்றே பழகியிராத ஏராளமானோர் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குக் கல்லூரிகள் சிறப்பு உதவி ஏற்பாடு செய்தும் பலர் அந்தப் பக்கம் போகவில்லை. புரூக்ளின் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கென்னத் புரூஃபி 1984இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்: அந்த உதவி வகுப்பறையின் நீட்சியாகவே மாணவர்களுக்குத் தோன்றியது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்ற அதே அமைப்பு அங்கும் தொடர்ந்தது. சக மாணவர்களை உட்காரவைத்தபோது நிலைமை மாறியது. டியூட்டர் வேலையின் அடிப்படையே இந்தச் சமநிலைதான். தன் மேதைமையை அடுக்கிக்காட்டும் விண்ணப்பக் கடிதம் அந்த அடிப்படையையே அசைத்துவிடுகிறது. எழுதியவர் தன்னை அறியாமல் ‘நான் மேலே உட்காருவேன்’ என்று சொல்லிவிடுகிறார்.

அதே 1984இல் ஸ்டீபன் நார்த் எழுதிய ஒரு கட்டுரை, ரைட்டிங் சென்டர்களில் வேலை செய்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது. கையில் இருக்கும் ஒரு கட்டுரையைச் சீராக்குவதைவிட, அதை எழுதியவரை வளர்ப்பதே மையத்தின் வேலை என்பது அவர் வாதம். 1991இல் ஜெஃப் புரூக்ஸ் தன் கட்டுரையில் இதை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்: மாணவரின் பக்கத்தில் உட்காருங்கள், தாள் அவருக்கு அருகில் இருக்கட்டும், உங்கள் கையில் பேனா வேண்டாம். டியூஷன் வாத்தியார் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் இந்த மரபில் வந்தவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தை எழுதுங்கள். ‘எனக்கு இலக்கணம் நன்றாக வரும்’ என்ற வரியைவிட, உங்கள் கட்டுரை ஒன்றை யாரோ படித்துச் சொன்ன எந்தக் கருத்து உங்களுக்கு உதவியது, எது உதவவில்லை, ஏன் என்று விளக்கும் ஒரு பத்திக்கு அவர்களிடம் மதிப்பு அதிகம். உதவி பெறுவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தவர் நீங்கள் என்பதற்கு அது சாட்சி.

எழுத்து மாதிரியாக எதை அனுப்புவது? அதிக மதிப்பெண் வாங்கியதை என்று உடனே தோன்றும். நான் சொல்வது வேறு. ஒரு கருத்தை முன்வைத்து, மறுப்பைச் சந்தித்து, முடிவுக்கு வரும் கட்டுரையை அனுப்புங்கள், அது உங்கள் துறையைச் சேர்ந்ததாக இருந்தாலும். பொறியியல், உயிரியல் மாணவர்களும் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆய்வக அறிக்கையோடு வரும் மாணவருக்கு அந்த வடிவம் தெரிந்த டியூட்டர் கிடைப்பது பெரிய உதவி. பரிந்துரைக் கடிதத்துக்கு, உங்களுக்கு ஏ கொடுத்த பேராசிரியரைவிட, வகுப்பில் நீங்கள் சக மாணவரின் வரைவைப் படித்துக் கருத்துச் சொன்னதை நேரில் பார்த்தவரை அணுகுங்கள்.

விண்ணப்பத்தின் கடினமான பகுதி நேர்காணல். பல இடங்களில் ஒரு மாதிரி வரைவைக் கொடுத்து, ‘இதை எழுதியவர் எதிரில் இருக்கிறார், எப்படித் தொடங்குவீர்கள்?’ என்று கேட்பார்கள். அல்லது தேர்வுக் குழுவில் ஒருவரே மாணவராக நடிப்பார். அந்த வரைவில் வேண்டுமென்றே எல்லாவகைக் குறைகளும் இருக்கும். குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய முதலாண்டுக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கம் முழுக்கப் பொதுவான பேச்சு. எழுதியவர் உண்மையில் சொல்ல விரும்பியது மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியமாக ஒளிந்திருக்கிறது. நடுவில் பத்துப் பன்னிரண்டு இலக்கணப் பிழைகள். கண் முதலில் பிழைகளுக்குத்தான் ஓடும். அவற்றைச் சொன்னால் நாம் கெட்டிக்காரராகத் தெரிவோம் என்ற ஆசையும் எழும். அங்கே நிதானியுங்கள். முதல் பக்கமே நீக்கப்பட வேண்டியதாக இருந்தால், அதிலுள்ள பிழைகளைத் திருத்தி என்ன பயன்? ‘வகுப்பில் என்ன கேட்டிருக்கிறார்கள்? நீங்கள் சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எனக்குச் சொல்ல முடியுமா?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் வரும்வரை காத்திருப்பது நடிப்பு நேர்காணலில்கூடக் கடினம். அந்த மௌனத்தை நிரப்பாமல் இருக்கத் தெரிந்தவரைக் குழு கவனிக்கும். பிறகு மூன்றாம் பக்கத்து வாக்கியத்தைச் சுட்டி, ‘இது எனக்குப் புதிதாக இருந்தது, இதைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்றால் போதும். இலக்கணத்துக்குக் கடைசி ஐந்து நிமிடம், அதுவும் திரும்பத் திரும்ப வரும் ஒரே வகைப் பிழைக்கு. தெரியாததைக் கேட்டால் ‘எனக்கும் உறுதியில்லை, சேர்ந்து பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் இணைய எழுத்துக் கூடம் போன்ற ஆதாரங்கள் இருப்பதே அதற்காகத்தான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு நாம் போய்ச் சொல்லித்தருவது பொருந்துமா? மொழியாசிரியர்களைப் பற்றி இதே கேள்வியை எடுத்துக்கொண்ட ஹங்கேரியரான பீட்டர் மெட்ஜியெஷ், 1992இல் வெளிவந்த கட்டுரையில், தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியரின் பலங்களை வரிசைப்படுத்தினார். கற்பவர் எங்கே தடுக்குவார் என்று முன்கூட்டியே தெரிவது அவற்றில் ஒன்று. ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற சொல் தமிழில் இல்லை. சீனத்திலும் கொரியனிலும் ரஷ்யனிலும் இல்லை. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் அது ஏன் வரவேண்டும் என்று சீன மாணவர் கேட்டால், ‘காதுக்கு அப்படித்தான் சரியாகப் படுகிறது’ என்று பதில் சொல்பவரைவிட, அந்த விதியை உழைத்துக் கற்றவர் தெளிவாக விளக்க முடியும். ஆங்கிலம் மட்டுமே பேசும் மாணவர் வந்தால்? வாதத்தில் எங்கே இடைவெளி இருக்கிறது என்பதைக் காண உச்சரிப்பு தடையில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கேள்வி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், நேரடியாக விதியைத் தெரிந்துகொள்ள வந்தவரை அலைக்கழிப்பதாகாதா? ஆகும். லிண்டா ஷமூன், டெபோரா பர்ன்ஸ் இருவரும் 1995இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதைத்தான் கேட்டார்கள். இசையில் தேர்ந்த ஆசான் மாணவருக்கு வாசித்துக் காட்டி, இப்படிச் செய் என்று நேரடியாகச் சொல்வதை எடுத்துக்காட்டி, எழுத்திலும் அதற்கு இடமுண்டு என்று வாதிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மேற்கோள் காட்டும் முறையோ ஓர் இலக்கண விதியோ மாணவருக்குத் தெரியவில்லை என்றால் சொல்லிக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. அவர் சிந்திக்க வேண்டியதை நாம் சிந்தித்துக் கொடுப்பதுதான் தவறு. இந்த வேறுபாட்டை நேர்காணலில் உங்கள் வார்த்தையில் சொல்ல முடிந்தால், புத்தகச் சூத்திரத்தை ஒப்பிப்பவர்களிலிருந்து நீங்கள் தனித்து நிற்பீர்கள்.

சாட்ஜிபிடி நொடியில் திருத்தித் தரும்போது மனித டியூட்டர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். திருத்துவதுதான் வேலை என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எழுதியவர் என்ன சொல்ல விரும்பினார் என்பது அவருக்கே தெளிவாகாத நேரத்தில், எதிரில் ஒருவர் புரியாமல் முகம் சுருக்குவதும் புரிந்ததும் தலையசைப்பதும் அவருக்கு உதவுகின்றன. இந்தக் காரணத்தால் மனித வாசகரின் தேவை கூடியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சில நடைமுறை விஷயங்கள். எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம். டியூட்டர் வேலையும் அதற்குள் அடங்கும். அரசின் வொர்க்-ஸ்டடி உதவி பெறுபவர்களுக்கு மட்டும் என்று அறிவித்த இடங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காது என்பதால் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். சில மையங்கள் வேலைக்கு முன்பே பயிற்சி வகுப்பில் சேரச் சொல்லும். சிஆர்எல்ஏ என்ற அமைப்பின் சான்றிதழுக்கு உரிய பயிற்சி தரும் இடங்களில், முதல் நிலைக்குக் குறைந்தது 25 மணிநேரம் டியூட்டராகப் பணியாற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள்: விண்ணப்பத்தைத் தொடங்கும் முன், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கட்டுரையோடு அந்த மையத்துக்கு மாணவராகப் போய் உட்காருங்கள்.