வீட்டு ஏடுகளைப் படமெடுப்பது எப்படி?

நம் சங்க அன்பர்கள் பலருடைய இல்லங்களில், பூஜை அலமாரியின் மேல் தட்டிலோ பரணில் உள்ள தகரப் பெட்டியிலோ, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய எழுத்து ஏதாவது இருக்கும். ஓலைச்சுவடியாக இருக்கலாம், தாத்தாவின் கணக்கு நோட்டாக இருக்கலாம், அத்தை எழுதிய நீல நிற இன்லேண்ட் கடிதமாக இருக்கலாம். எடுத்துப் படிப்பார் இல்லை. தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் இட்டு, திரும்பவும் வைத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஓலைக்கட்டு இருந்தது. மைசூர் ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்துக் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த என் தகப்பனார், டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. நாற்பது ஏடுகள் இருக்கும். அதைப் படமெடுக்கப் போய் நான் செய்த ஒரு பெரும் பிழையையும், அதன் வழியாகக் கற்ற முறையையும் இங்கே எழுதுகிறேன். புகைப்படக் கலையில் நான் நிபுணன் அல்லன். ஆயினும் இது எல்லோரும் செய்யக்கூடிய வேலைதான்.

ஏன் படமெடுக்க வேண்டும்?

நம் ஊரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மைசூரில் 1891இல் தொடங்கப்பட்ட கீழ்த்திசை நூலகம் இன்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமாக இருக்கிறது. அந்த நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி 1905இல் ஓர் ஓலைச்சுவடியைப் பிரித்துப் பார்த்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அதில் முழுமையாக இருந்தது. அப்படி ஒரு நூல் இருந்தது என்பது பிற நூல்களின் வழியே தெரியுமே தவிர, நூலைக் கண்டவர் அப்போது அறிஞர் உலகில் இல்லை. 1909இல் மூலத்தையும், 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் நூலாக வெளியிட்டார்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தச் சுவடி கிரந்த எழுத்தில் எழுதப்பட்டது. அதை மைசூர் நூலகத்தில் கொண்டுவந்து ஒப்படைத்தவர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். அவர் அதை வீட்டிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுத்திருந்தால்? உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியதும் இப்படி வீடுகளில் கிடந்த ஏடுகளைத்தான்.

நம் வீட்டுக் கட்டில் அர்த்தசாஸ்திரம் இருக்கப் போவதில்லை. இருந்தாலும் அது நம் குடும்பத்தின் கையெழுத்து. ஓலை என்றென்றும் இருப்பதில்லை. அக்காலத்தில் ஏடு பழுதானால் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. இன்று நம்மால் எடுக்கக்கூடிய படி, புகைப்படம்தான்.

நான் செய்த பிழை

முதலில் கைபேசியில் எடுத்துப் பார்த்தேன். அருகே போனால் கைபேசியின் நிழலே ஏட்டின் மேல் விழுந்தது, ஓரங்கள் வளைந்தன. மேலேட்டில் பல ஆண்டுச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்ததால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. துடைத்தால் தெரியும் என்று எண்ணி, ஈரத் துணியால் துடைத்தேன்.

ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு நிறம் கிடையாது. விளக்குக் கரியையோ பச்சிலைச் சாற்றையோ தடவி, கீறலில் கருமையை ஏற்றினால்தான் படிக்க முடியும். நான் துடைத்தபோது குங்குமத்தோடு அந்தக் கரியும் துணியில் வந்துவிட்டது. மேலேடு வெறும் பழுப்புப் பட்டையாக என் கையில் இருந்தது. நூறாண்டுக்கு மேல் நின்ற எழுத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டேன் என்று நினைத்து, அன்று இரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் மாலை அந்த ஏடு மேற்கு ஜன்னலருகே மேஜையில் கிடந்தது. சாய்ந்த வெயில் அதன் மேல் தழுவினாற்போல் விழுந்தது. அழிந்துபோனதாக நினைத்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன! கரிதான் போயிருந்தது, கீறல் போகவில்லை. கோயில் சுவரில் உள்ள கல்வெட்டு நண்பகலில் மங்கலாகவும் மாலை வெயிலில் தெளிவாகவும் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தில் நிழல் விழுவதே காரணம். ஓலைக்கும் அதே விதிதான்.

எந்த லென்ஸ்?

இந்த வேலைக்கு நண்பர் ஒருவர் தம் பழைய மேக்ரோ லென்ஸைக் கொடுத்து உதவினார். கேனன் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 50 மி.மீ. 'காம்பேக்ட் மேக்ரோ' அது. எடை 280 கிராம்தான். இப்போது புதிதாகத் தயாராவதில்லை. பழைய கேமரா விற்பவர்களிடம் கிடைக்கும். புதிய மிர்ரர்லெஸ் கேமராவில் பொருத்த ஓர் இணைப்பு வளையம் வேண்டும்.

சாதாரண 50 மி.மீ. லென்ஸ் பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் இருக்கும் பொருளைத் தெளிவாகக் காட்டாது. இந்த லென்ஸ் 23 செ.மீ. வரை நெருங்கும். இந்தத் தூரத்தை லென்ஸின் முகப்பிலிருந்து அளக்கக் கூடாது. கேமராவுக்குள் படம் பதியும் தளத்திலிருந்து அளக்க வேண்டும். அவ்வளவு நெருங்கும்போது பொருளின் பாதி அளவில் உருவம் பதியும். அதாவது 2 செ.மீ. நீள எழுத்து, பதியும் தளத்தில் 1 செ.மீ. நீளம் இருக்கும். முழு அளவு வேண்டுமானால் இதற்கென்றே விற்ற தனி இணைப்பு லென்ஸ் வேண்டும். ஏட்டுக்குப் பாதி அளவே தாராளம்.

மேக்ரோ லென்ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. தட்டையான தாளை நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒரே தெளிவோடு காட்டும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஏட்டுக்கும் கடிதத்துக்கும் நமக்கு வேண்டியது இதுதான்.

லென்ஸ் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. நீளமுள்ள நீட்டிப்புக் குழாயைப் பொருத்தினாலும் பாதி அளவு கிடைக்கும். அதில் கண்ணாடி எதுவும் இல்லாததால் விலை குறைவு. ஓரங்களில் மட்டும் தெளிவு சற்றுக் குறையும்.

கணக்கு கொஞ்சம்

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் பதியும் தளம் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. பாதி அளவில் எடுத்தால் 72 மி.மீ.க்கு 48 மி.மீ. பரப்பு ஒரு படத்தில் அடங்கும். எங்கள் ஏடு 36 செ.மீ. நீளம், மூன்றரை செ.மீ. அகலம். அகலம் அடங்கிவிடும். நீளத்துக்கு, ஒன்றன் மேல் ஒன்று கால் பங்கு படியுமாறு எடுத்தால் ஏழு படங்கள் வேண்டும்.

எல்லா ஏட்டையும் அப்படி எடுக்கத் தேவையில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் நீளவாக்கில் 6000 புள்ளிகள். முழு ஏட்டையும் ஒரே படத்தில் எடுத்தாலும் மில்லிமீட்டருக்கு 16 புள்ளிகள் கிடைக்கும். தெளிவான ஏட்டைப் படிக்க இது போதும். பூச்சி அரித்த, மங்கிய ஏடுகளுக்கு மட்டும் நெருங்கிச் சென்று துண்டு துண்டாக எடுத்தால் போதும்.

நெருங்க நெருங்கத் தெளிவின் ஆழம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். பாதி அளவில் f/2.5 துளையில் எடுத்தால் ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும். f/8 வைத்தால் 3 மி.மீ. அளவுக்குக் கிடைக்கும். ஓலை சற்று வளைந்திருக்கும் என்பதால் f/8 அல்லது f/11 நல்லது. அதற்கு மேல் துளையைச் சுருக்கினால் படம் மொத்தமாகவே மழுங்கத் தொடங்கும்.

எடுக்கும் முறை

1. கையை நன்றாகக் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள். ஏட்டை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். தண்ணீர், எண்ணெய் இரண்டும் வேண்டாம். எண்ணெய் பூசுவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

2. கயிற்றை இழுத்து உருவாதீர்கள். மெல்லத் தளர்த்துங்கள். வளைந்த ஏட்டை அழுத்தி நிமிர்த்தினால் முறிந்துவிடும்.

3. கேமராவை முக்காலியில் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். கேமரா ஏட்டுக்கு நேர் மட்டமாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஏடு வைக்கும் இடத்தில் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, கேமரா வழியே பாருங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்ட நடுவில் தெரிந்தால் மட்டம் சரி.

4. கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது நேராக அடித்து எழுத்தை மறைத்துவிடும். ஓர் எல்.இ.டி. மேஜை விளக்கை மட்டும் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக, ஏட்டைத் தடவிச் செல்வதுபோல் வையுங்கள். பாதி அளவில் எடுக்கும்போது லென்ஸின் முகப்புக்கும் ஏட்டுக்கும் ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளிதான் இருக்கும், தாழ்ந்த விளக்கின் ஒளி அதற்குள் நுழைந்துவிடும்.

5. விளக்கு ஏட்டின் நீளவாக்கில் இருந்தால் ஓலை நரம்பின் நிழல் அடங்கி, குத்துக் கோடுகள் தெளியும். அகலவாக்கில் வைத்தால் கிடைக் கோடுகள் தெளியும். ஆகவே மங்கிய ஏட்டுக்கு இரண்டு படம் எடுங்கள்.

6. தானியங்கிக் குவியத்தை நம்பாமல், திரையில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குவியம் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100 போதும். அரை நொடி ஆனாலும் பரவாயில்லை. பொத்தானைக் கையால் அழுத்தினால் அதிரும். 2 நொடி டைமரில் விடுங்கள்.

7. பக்கத்தில் ஓர் அளவுகோலும் ஏட்டு எண் எழுதிய சீட்டும் படத்தில் வரட்டும். இரு பக்கமும் எடுங்கள். 1-அ, 1-ஆ என்று பெயரிடுங்கள்.

8. படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

கடிதம், நோட்டு ஆகியவற்றுக்கு ஒளி அமைப்பு மட்டும் மாறும். இருபுறமும் இரண்டு விளக்கை 45 பாகைச் சாய்வில் வைத்தால் நிழலும் பளபளப்பும் இராது. கைபேசி மட்டுமே உள்ளவர்கள் சற்று எட்டி நின்று, இருமடங்கு பெரிதாக்கி எடுக்கலாம். கடிதத்துக்கு அது போதும்.

படிக்கும்போது

பழைய ஏட்டைப் படிக்கச் சில செய்திகள் உதவும். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு காட்டப்பட்டிருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. எண்கள் தமிழ் எண்களாக இருக்கும்.

எங்கள் ஏட்டைப் படித்தது பள்ளியில் கன்னடம் படிக்கும் என் மகள். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழ் கற்றவள். திரையில் எழுத்து விரல் அகலத்துக்குத் தெரிந்ததால் புதிர் விடுவிப்பதுபோல் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் தேவாரம் என்று நினைத்திருந்தோம். மூன்றாம் நாள் அவள், "அப்பா, இதுல மாடு, வயிறு, சுக்கு, மிளகுன்னு வருது" என்றாள். மாட்டு வாகடம்! மாட்டுக்கு வரும் நோயும் அதற்கு மருந்தும்.

நான் அம்மாவிடம் போய், "இத்தனை வருஷமா நாம கும்பிட்டது மாட்டு மருந்தும்மா" என்றேன்.

"அதனால என்னடா? அந்த மாடுதானே நமக்குச் சோறு போட்டுது" என்றார் அம்மா. பிறகு, "கடைசி ஏட்டுல ஏதும் பேர் இருக்கான்னு பார்க்கச் சொல்லு" என்றார்.

கடைசி ஏட்டின் ஓரம் முறிந்து போயிருந்தது. சாய்ந்த ஒளியில், பாதி அளவில் எடுத்த படத்தில், எழுதியவர் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் மட்டும் தெரிந்தன. மீதி எழுத்துகள் முறிந்த துண்டோடு போய்விட்டன. டிரங்குப் பெட்டியிலா, பரணிலா, நான் கயிற்றை அவிழ்த்த அன்றா, எப்போது போயின என்று தெரியவில்லை. அந்தத் துண்டு இருந்த நாளில் யாராவது ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் முழுப் பெயரும் இன்று எங்களிடம் இருந்திருக்கும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த சரஸ்வதி பூஜைக்குக் கட்டைக் கீழே இறக்கும்போது, குங்குமம் இடுவதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். படமெடுத்த ஏட்டைப் படிக்க முடியாவிட்டால் ஞாயிறு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.