களவா மீனும் கடலடிக் காமிராவும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

மீன் என்றதும் நம் நினைவுக்கு வருவது அங்காடிக் கூடையும் அடுப்பங்கரையும்தான். வஞ்சிரம், பாறை, சீலா ஆகியவற்றோடு களவா மீனும் நம் கடற்கரை ஊர்களில் நல்ல விலைக்குப் போகிறது. முள் குறைவு, சதை மிகுதி என்பதை நம் அன்னையர் அனைவரும் அறிவர். ஆனால் அந்த மீன் உயிரோடு இருக்கும்போது எங்கே வாழ்கிறது, எப்படி வாழ்கிறது என்று நாம் கேட்டதுண்டா? அதை நாம் அறியச் செய்தவர்கள், காமிராவைக் கையிலேந்திக் கடலுக்குள் இறங்கியவர்களே. அம்மீனையும் அவர்களுடைய கலையையும் இக்கட்டுரையில் காண்போம்.

உருவமும் வாழ்க்கையும்

களவா ஒரே மீனன்று. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய குடும்பம். வெப்பமண்டலக் கடல்களின் பவளப்பாறைகளே இவற்றின் முக்கிய வாழிடம். நம் மன்னார் வளைகுடாவிலும் இவை உண்டு. பருத்த உடல், அகன்ற வாய், தடித்த உதடு, உருண்ட கண் ஆகியவை குடும்ப அடையாளங்கள். முழங்கை நீளமே உள்ள இனங்களும் உண்டு. இந்து, பசிபிக் மாக்கடல்களில் வாழும் இராட்சதக் களவாவோ 2.7 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் அடையக்கூடியது. நம் வகுப்பு மாணவியர் எட்டுப் பேரைத் தராசின் ஒரு தட்டில் நிறுத்தினால்தான் அதற்கு ஈடாகும்!

இரையைத் துரத்தி ஓடுவது களவாவின் வழக்கமன்று. பாறை இடுக்கில் அசையாமல் காத்திருக்கும். இரை அருகில் வந்ததும் வாயை மின்னல் வேகத்தில் திறக்கும். வாய்க்குள் ஏற்படும் வெற்றிடத்தை நோக்கி நீர் பாயும். நீரோடு இரையும் உள்ளே போய்விடும். ஓரிரு நொடிகளில் உடல் நிறத்தை மாற்றிக்கொள்ளவும் பல களவாக்களுக்குத் தெரியும்.

பெரும்பாலான களவா இனங்கள் பெண்ணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. வளர்ந்து பெரிதான பின்னரே அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. ஆகவே பெரிய மீன்களையே தேடிப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடலில் ஆண் மீன்களே அருகிவிடும்.

அஞ்சாளையோடு ஒரு நட்பு

செங்கடலில் ஆராய்ச்சி செய்த ரெடுவான் ப்ஷாரி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2006ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். களவா துரத்திய சிறு மீன் பாறைப் பொந்துக்குள் புகுந்துகொண்டால், பருத்த உடலுள்ள களவாவால் அதற்குள் நுழைய முடியாது. உடனே அது அஞ்சாளை என்னும் கடல் விலாங்கு தங்கியிருக்கும் இடத்துக்குச் சென்று, அதன் முன் தலையை வேகமாக ஆட்டி அழைக்கிறது. பாம்பு போன்ற அஞ்சாளை பொந்துக்குள் எளிதில் நுழையும். அங்கிருந்து தப்பி வெளியே ஓடிவரும் இரை களவாவுக்கு. உள்ளேயே அகப்பட்டால் அஞ்சாளைக்கு. இரை ஒளிந்த இடத்தின் மேல் களவா தலைகீழாக நின்று சுட்டிக்காட்டுகிறது என்பதும் 2013இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மீனுக்கு அறிவில்லை என்று இனி யார் சொல்வார்?

நீருக்கடியில் ஒளி

கரையில் படம் எடுப்பது போல் கடலுக்குள் எடுக்க முடியாது. நம் இயற்பியல் பாடத்தைக் கொண்டே அதன் காரணங்களை விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, நிறம். நீர் ஒளியை உறிஞ்சுகிறது. எல்லா நிறங்களையும் ஒரே அளவில் அன்று. சிவப்பு முதலில் மறைகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறைய இல்லை எனலாம். பிறகு ஆரஞ்சும் மஞ்சளும் மங்கும். நீலமே நெடுந்தூரம் செல்லும். செந்நிற உடலில் நீலப் புள்ளிகள் கொண்ட பவளக் களவா அந்த ஆழத்தில் மங்கிய கருமை நிறமாகத் தோன்றுவது இதனால்தான். காமிராவின் பிளாஷ் விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்ததும் அதன் உண்மையான சிவப்பு வெளிப்படும். மீனுக்கு அந்தச் சிவப்பு ஆடம்பரமன்று, மறைந்துகொள்ளும் போர்வை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இரண்டாவது, ஒளிவிலகல். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே 4 மீட்டர் தொலைவில் இருக்கும் மீன் 3 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும்; பெரிதாகவும் தெரியும். கையை நீட்டித் தொடலாம் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

மூன்றாவது, நீரில் மிதக்கும் நுண்துகள்கள். விளக்கைக் காமிராவை ஒட்டி நேராகப் பிடித்தால் துகள்கள் ஒளியைத் திருப்பியனுப்பிப் படமெங்கும் வெண்பொட்டுகளாக விழும். எனவே விளக்கை நீண்ட கை ஒன்றில் பொருத்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சுகிறார்கள். அகன்ற கோண வில்லையைக் கொண்டு மீனுக்கு மிக அருகில் சென்று படம் பிடிப்பதும் நல்ல வழி. இடையில் நீர் குறைந்தால் துகளும் குறையும் அல்லவா?

மீனைத் துரத்தினால் அது பொந்துக்குள் போய்விடும். மூச்சை நிதானமாக விட்டு, அசையாமல் காத்திருப்பவருக்கே நல்ல படம் கிடைக்கும். துப்புரவு செய்யும் சிறு மீன்களிடம் களவா வாயை அகலத் திறந்துகொண்டு சாதுவாக நிற்கும் வேளையே இதற்கு மிகவும் ஏற்றது.

காமிரா கடலுக்குள் இறங்கிய கதை

பிரான்சு நாட்டின் லூயி பூத்தான் 1893இல் பன்யூல்ஸ் கடற்கரையில் நீருக்கடியில் படமெடுத்தார். ஒரு படத்துக்கு அரைமணி நேரம்கூட ஒளி விழச்செய்ய வேண்டியிருந்தது. 1926இல் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் அமெரிக்காவின் புளோரிடாவை அடுத்த டிரை டொர்டுகாசில், மிதவையின் மேல் மக்னீசியத் தூளை வெடித்து ஒளியுண்டாக்கிக் கடலடியில் வண்ணப்படம் எடுத்தனர்.

1956இல் கூஸ்தோ வெளியிட்ட 'மௌன உலகம்' என்னும் திரைப்படத்தில் ஜோஜோ என்ற களவா உலகப்புகழ் பெற்றது. முக்குளிப்போரிடம் அது நாய்க்குட்டிபோல் பழகியது. உணவு கேட்டு வேலையைக் கெடுத்ததால் அதைச் சிறிது நேரம் கூண்டில் அடைக்கவும் நேர்ந்தது!

ஆஸ்திரேலியாவின் வாலரி டெய்லர் அம்மையாரும் அவர் கணவர் ரானும் முதலில் ஈட்டி எய்து மீன் பிடிப்பதில் பரிசுகள் வென்றவர்கள். பிறகு ஈட்டியை விட்டுவிட்டுக் காமிராவை ஏந்தினர். பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 'காட் ஹோல்' என்னுமிடத்தில் மனிதரை அஞ்சாமல் நெருங்கும் பெரிய களவாக்களைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினர். அவற்றைக் காக்கவும் வாதாடினர். பெண்ணொருவர் கடலடியில் ஆற்றிய இப்பணி நமக்கெல்லாம் ஊக்கமளிப்பதாகும்.

முழுநிலவில் கூடும் கூட்டம்

தனித்து வாழும் களவாக்கள் முட்டையிட மட்டும் ஆண்டுதோறும் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. பிரெஞ்சு பாலினேசியாவின் பக்கராவா தீவில் ஜூலை மாத முழுநிலவையொட்டி 20,000 மீன்கள் வரை ஒரு குறுகிய கால்வாயில் சேர்கின்றன. சுறாக்களும் இரை தேடி வந்துவிடும். லோரன் பலெஸ்தா என்பவர் தம் குழுவினருடன் ஐந்து ஆண்டுகள் அங்கே சென்று, இரவும் பகலும் மூழ்கிக் காத்திருந்தார். மேகம்போல் பரவிய முட்டைத்திரளிலிருந்து மூன்று களவாக்கள் வெளிப்படும் கணம் அவர் காமிராவில் பதிந்தது. 'படைப்பு' என்னும் அப்படம் 2021இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைசிறந்த பரிசைப் பெற்றது.

இந்தக் கூட்டமே களவாவுக்கு ஆபத்தும் ஆகிறது. நாளும் இடமும் தெரிந்துவிட்டால் ஓராண்டு முழுவதும் பிடிக்கவேண்டிய மீனை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். கரீபியக் கடலின் லிட்டில் கேமன் தீவருகே 2001இல் நாசோ களவாக்கள் கூடும் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 7,000 மீன்களில் 4,000 மீன்கள் இரண்டே பருவங்களில் பிடிபட்டன. 2003இல் அங்கு மீன்பிடிப்பு தடுக்கப்பட்டது. முக்குளிப்போர் மீன்களுக்கு அடையாளமிட்டு, ஆண்டுதோறும் படம்பிடித்து எண்ணி வந்தனர். 2018ஆம் ஆண்டுக்குள் எண்ணிக்கை மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. தடை பயனளித்தது என்பதற்கு அந்தப் படங்களே சான்றாயின.

முடிவுரை

கண்ணால் காணாத ஒன்றின்மேல் அக்கறை பிறப்பது அரிது. அலைக்கு மேல் நின்று பார்க்கும் நமக்கு எல்லாம் ஒரே நீலமாகவே தெரிகிறது. நீருக்கடியில் எடுத்த ஒரு படம், அங்கே நண்பனை அழைத்து வேட்டையாடும் உயிர் ஒன்று வாழ்கிறது என்று நமக்குக் காட்டுகிறது. மீன் உண்பதை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. வலையே வாழ்வாக உள்ள மீனவக் குடும்பங்கள் நம் பள்ளியிலும் பல உள்ளன. முட்டையிடும் காலத்தில் மீனை விட்டுவைத்தால் நாளையும் வலை நிறையும் என்பதைத்தான் லிட்டில் கேமன் நமக்குக் கற்பிக்கிறது. அடுத்தமுறை அங்காடியில் களவாவைக் காணும்போது, விலையோடு அதன் கதையையும் நினைத்துக்கொள்வோம். நம்முள் ஒருத்தி ஒருநாள் மன்னார் வளைகுடாவில் காமிராவுடன் இறங்கி, அங்குள்ள களவாவின் கதையை நமக்குச் சொல்லட்டும்!