விற்கும் வீட்டுக்கு என்ன நிறம்?

கேள்வி: லேக் கார்டன்ஸில் எங்கள் பழைய மாடி வீட்டை விற்க இருக்கிறோம். நீலம்-வெள்ளை அடித்தால் வரிச்சலுகை உண்டாமே? அதையே அடித்துவிடலாமா?
– வாசகர், கொல்கத்தா

பதில்: வேண்டாம். 2014-இல் நீலம்-வெள்ளை பூசும் வீடுகளுக்கு ஓராண்டு சொத்து வரி தள்ளுபடி என்று கொல்கத்தா மாநகராட்சி அறிவித்தது உண்மை. மம்தா பானர்ஜி ஆட்சியில் அரசுக் கட்டடங்களும் மேம்பாலங்களும் ஏற்ற நிறம் அது. ஓர் ஆட்சியை நினைவூட்டும் சுவர், வாங்க வருபவரில் சிலரையாவது தயங்க வைக்கும்.

தென் கொல்கத்தாவின் பழைய வீடுகளுக்கு அழகே பச்சை மரச்சட்டச் சன்னல்களும் வளைந்த பால்கனிகளும்தான். எழுத்தாளர் அமித் சௌத்ரி 2015 முதல் இத்தகைய வீடுகளைக் காக்கக் குரல் கொடுத்து வருகிறார். உங்கள் வீட்டில் அந்தச் சன்னல்கள் இருந்தால் அவற்றின் பச்சையைப் புதுப்பியுங்கள். சுவருக்கு வெளிர் மஞ்சளோ சந்தன நிறமோ பொருந்தும். தூய வெள்ளையில் மழைக்காலப் பாசி பளிச்சென்று தெரியும்.

நிறத்தைவிட ஓதம் முக்கியம். ஒழுகும் மழைநீர்க் குழாயையும் கைப்பிடிச்சுவர் விரிசலையும் முதலில் சரிசெய்யுங்கள். பாசியைத் தேய்த்துக் கழுவி, சுவர் நன்றாகக் காய்ந்தபின் பிரைமர். அதன்மேல் பூஞ்சை பிடிக்காத எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். ஈரச்சுவரில் பூசினால் பெயின்ட் கொப்பளித்து உரியும். ஆகவே கொல்கத்தாவில் மழை ஓய்ந்தபின், நவம்பரில் தொடங்குங்கள்.