ஸ்விட்ச்சுக்குப் புது மென்பொருள் ஏற்றுமுன்

நெய்வேலி மின்சாரம் பிறக்கும் ஊர்தான். 1962-லேயே இங்கே அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்காக டவுன்ஷிப் கடையிலோ டியூஷன் சென்டரிலோ இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் மென்பொருளை யுபிஎஸ் இல்லாமல் மாற்றத் துணியாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் பெட்டி மறுபடி எழாமலே போகலாம்.

முதலில் ஸ்விட்ச்சைத் திருப்பி அடிப்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வி1, வி2 என்று போட்டிருக்கலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாடல் ஒன்றே ஆனாலும், வி2-வுக்கான கோப்பு வி1-க்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது. கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூடவே வரும் குறிப்பையும் படியுங்கள்; மிகப் பழைய பதிப்பென்றால் இடையில் இன்னொரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் புதியதற்குப் போக வேண்டியிருக்கும்.

செட்டிங்ஸை கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளுங்கள். கோப்பை ஏற்றும்போது வைஃபை வேண்டாம், கேபிளே நல்லது.

சிசிடிவி கேமராவும் அதே ஸ்விட்ச்சில்தானா? ரீபூட் ஆகும் சில நிமிடங்கள் பதிவு நின்றுபோகலாம். கடையைப் பூட்டியபின் வீட்டிலிருந்து செய்யாமல், ஆள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

செட்டிங்ஸ் பக்கமே இல்லாத சாதா ஐந்து போர்ட் ஸ்விட்ச்சுக்குப் பொதுவாக இந்த வேலையே கிடையாது.