கடற்பாசிகளுக்கும் ஒரு வரவு இடாப்பு

நோன்பு காலத்தில் நம் வீடுகளில் இப்தாருக்குத் தவறாமல் இடம்பிடிப்பது கடற்பாசி. பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டுகளாக வெட்டும் இந்தப் பண்டத்தை உறையச் செய்வது ஏகார் என்னும் பொருள். ஆய்வுகூடத்தில் பற்றீரியாக்களை வளர்க்க உதவுவதும் இதுவே. கடலில் வளரும் செவ்வல்காக்களின் கலச்சுவரிலிருந்து இது பெறப்படுகிறது. புத்தளம் களப்பிலும் திருகோணமலையிலும் வளரும் கஞ்சிப்பாசி அவற்றுள் ஒன்று. ஒரு காலத்தில் ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியானதும் இதுவே.

கடற்பாசிகள் மனிதனுக்கு மட்டும் உணவல்ல. மீன் குஞ்சுகளுக்கும் நண்டு, இறால்களுக்கும் அவை உணவும் உறைவிடமுமாகும். ஆகவே அவை குறைந்தால் மீனவரின் வலையும் வெறுமையாகும். ஆனால் குறைகின்றனவா என்பதை ஒரு நாள் பார்த்துச் சொல்ல முடியாது. பருவக்காற்றுடன் பாசிகள் செழிப்பதும் அழிவதும் இயல்பு. அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான அழிவையும் பிரித்தறியப் பல ஆண்டுகளின் பதிவு வேண்டும்.

இதற்கான முறை எளிமையானது. கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு கயிற்றைப் பிடித்து, அதன் வழியே குறித்த தூரங்களில் ஒரு சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். சட்டத்தினுள் எந்த இனம் எத்தனை வீதம் பரவியுள்ளது என்று எழுத வேண்டும். அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டும்.

குளிர்ந்த கடல்களில் வளரும் கெல்ப் என்னும் பெரிய கபில அல்கா இதற்குச் சிறந்த உதாரணம். 2011இல் மேற்கு அவுஸ்திரேலியக் கடல் வழமைக்கு மாறாகச் சூடேறியது. கரையோரத்தில் சுமார் 100 கிலோமீற்றர் நீளத்துக்குக் கெல்ப் காடுகள் அழிந்தன. முன்னரே எடுத்து வைத்த அளவீடுகள் இருந்ததாலேயே இழப்பின் அளவு தெரியவந்தது. கலிபோர்னியாக் கரையில் 1984 முதல் லான்ட்சாட் செய்மதிப் படங்களே கெல்ப்பின் பதிவேடாக உள்ளன.

நமக்கும் பழைய பதிவுகள் உண்டு. அயர்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ஹென்றி ஹார்வே 1850களில் இலங்கைக் கரையில் பாசிகளைச் சேகரித்தார். 1961இல் துரைரத்தினம் இலங்கையின் கடல் அல்காக்கள் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். 2009இல் கொப்பெயான்ஸ் குழுவினரின் வழிகாட்டி நூல் வந்தது. இவை எந்த இனம் இருந்தது என்பதைக் கூறுகின்றன. எவ்வளவு இருந்தது என்பதற்கு ஆண்டுதோறும் எடுக்கும் அளவீடே சான்றாகும்.

“கண்டியில் கடலே இல்லையே, நமக்கு ஏன் இது?” என்று கேட்கலாம். பேராதனையைத் தொட்டு ஓடும் மகாவலி, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. மலையகத் தோட்டங்களிலிருந்து கழுவிச் செல்லப்படும் பசளையின் நைதரசனும் பொசுபரசும் ஆற்றோடு கடலை அடையலாம். போசணை மிகுந்தால் உல்வா போன்ற பச்சை அல்காக்கள் வேகமாகப் பெருகி ஏனையவற்றை மூடிவிடும். ஆகவே கரையில் நிகழும் மாற்றத்தில் மலைநாட்டுக்கும் பங்குண்டு.

வகுப்பில் இடாப்புக் குறிப்பதால்தான் யார் வரவில்லை என்று தெரிகிறது. அல்லாஹ் படைத்த கடலுக்கும் அத்தகைய இடாப்பு வேண்டும். உயிரியல் கற்கும் நம்மில் சிலராவது நாளை அதை எழுதுபவர்களாக வேண்டும், இன்ஷா அல்லாஹ்.